ஃபெட்டிசோவ்: அரசை எதிர்த்து வென்று, அரசுக்கே திரும்பிய ஆட்டக்காரர்

1989ஆம் ஆண்டு அக்டோபரில், அதுவரை சோவியத் ராணுவத்தின் கழகத்துக்காக மட்டுமே விளையாடிவந்த 31 வயது ஆட்டக்காரர் ஒருவர், அமெரிக்காவின் நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியின் சீருடையில் ஐஸ் ஹாக்கிக் களத்தில் இறங்கினார். அவர் தப்பி ஓடி வந்தவர் அல்லர். அரசியல் தஞ்சம் கோரியவரும் அல்லர். தமது நாட்டின் கடவுச்சீட்டுடன், தமது நாட்டின் அனுமதியுடன் அவர் விமானம் ஏறியிருந்தார்.

அந்த அனுமதியைப் பெறுவதற்காக வியாசெஸ்லாவ் ஃபெட்டிசோவ் நடத்திய போராட்டம், அவர் வென்ற பதக்கங்களைவிட முக்கியமானது என்று கருதுவோர் உண்டு. சோவியத் ஒன்றியம் சிதைவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், அந்நாட்டின் விளையாட்டு வீரர் எவருக்குச் சொந்தம் என்ற கேள்வியை அவர் பகிரங்கமாக எழுப்பினார்.

பின்னாளில் அதே மனிதர் ரஷ்ய அரசின் விளையாட்டுத் துறைத் தலைவராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆனார். ஒரே வாழ்வின் இந்த இரு பகுதிகளும் ஒன்றுக்கொன்று முரணானவையா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது.

ராணுவத்தின் கழகம்

ஃபெட்டிசோவ் 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் தேதி மாஸ்கோவில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோதே சி.எஸ்.கே.ஏ. எனப்படும் ராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1970களின் நடுப்பகுதியில் அக்கழகத்தின் முதன்மை அணியில் இடம்பெற்றார்.

சி.எஸ்.கே.ஏ. சாதாரணமான விளையாட்டுக் கழகம் அல்ல. சோவியத் ஒன்றியத்தில் இளைஞர்கள் அனைவரும் ராணுவ சேவை செய்தாக வேண்டும் என்ற சட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் துணையுடன், மற்றக் கழகங்களில் சிறந்து விளங்கிய இளம் வீரர்களை ராணுவம் தன் அணிக்கு அழைத்துக்கொள்ள முடிந்தது. வீரர்கள் பெயரளவில் ராணுவ அதிகாரிகளாக இருந்தனர். அவர்கள் செய்த பணி ஹாக்கி விளையாடுவது மட்டுமே.

இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு பயனும் இருந்தது. தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு அக்காலத்தில் ஒலிம்பிக் போட்டிகளில் இடமில்லை. ஆண்டு முழுவதும் விளையாட்டை மட்டுமே தொழிலாகக் கொண்டிருந்த சோவியத் வீரர்கள், ராணுவ ஊதியம் பெற்றதால் தொழில்முறை அல்லாதவர்கள் என்ற கணக்கில் ஒலிம்பிக்கில் பங்கேற்றனர். வட அமெரிக்காவின் மிகச்சிறந்த வீரர்களோ தேசிய ஹாக்கி லீகில், அதாவது என்.எச்.எல்லில், விளையாடிக்கொண்டிருந்ததால் ஒலிம்பிக்கிற்கு வர இயலவில்லை.

1977 முதல் 1989 வரை தொடர்ந்து 13 ஆண்டுகள் சோவியத் லீகின் சாம்பியன் பட்டத்தை சி.எஸ்.கே.ஏ. அணியே வென்றது.

ஐவரின் ஆட்டம்

ஐஸ் ஹாக்கியில் ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளரைத் தவிர ஐந்து பேர் ஒரே நேரத்தில் களத்தில் இருப்பர். அவர்களில் மூவர் முன்கள ஆட்டக்காரர்கள், இருவர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். ஆட்டத்தின் வேகம் காரணமாக, ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை ஐவரும் வெளியேற, அடுத்த குழு உள்ளே வரும். மூன்று 20 நிமிடப் பகுதிகளில் இந்த மாற்றம் தொடர்ந்து நடந்துகொண்டிருக்கும்.

தற்காப்பு ஆட்டக்காரரின் வேலை எதிரணியைத் தடுத்து நிறுத்துவது என்பதே பொதுவான எண்ணம். ஃபெட்டிசோவ் அந்த எல்லைக்குள் நிற்கவில்லை. தம் பகுதியில் ரப்பர் வட்டைக் கைப்பற்றியதும், அவரே தாக்குதலைத் தொடங்கிவைத்தார். தேவைப்பட்டபோது முன்கள ஆட்டக்காரர்களுக்கு நிகராக எதிரணியின் கோல் வரை சென்றார். அப்போது அவர் விட்டுச்சென்ற இடத்தை மற்றொருவர் நிரப்பினார்.

1980களின் தொடக்கத்தில் அவருடன் அலெக்ஸி கஸட்டோனோவ் தற்காப்பிலும், விளாடிமிர் க்ருட்டோவ், இகோர் லாரியோனோவ், செர்கெய் மகாரோவ் ஆகியோர் முன்களத்திலும் ஒரே குழுவாக விளையாடத் தொடங்கினர். மகாரோவ் செல்யாபின்ஸ்க் நகரிலிருந்தும், லாரியோனோவ் வொஸ்க்ரெசென்ஸ்க் நகரிலிருந்தும் ராணுவக் கழகத்துக்குக் கொண்டுவரப்பட்டவர்கள். பயிற்சியின்போது இவர்கள் அணிந்த பச்சை நிற மேலாடையால் 'பச்சைக் குழு' என்று அழைக்கப்பட்டனர்.

வட்டை எதிரணியின் பகுதிக்குள் தொலைவிலிருந்து அடித்துவிட்டு, அதைத் துரத்திச் சென்று உடல் பலத்தால் மீட்பது வட அமெரிக்காவில் பரவலாக இருந்த முறை. வட்டைக் கைவிடாமல் ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கடத்திக்கொண்டே செல்வது சோவியத் முறை. பயிற்றுநர் அனடோலி தராசோவ் வகுத்த இந்த முறையை அதன் உச்சத்துக்குக் கொண்டு சென்றவர்கள் இந்த ஐவர். 1981ஆம் ஆண்டு மான்ட்ரியலில் நடந்த கனடா கோப்பை இறுதி ஆட்டத்தில் சோவியத் அணி கனடாவை அதன் சொந்த மண்ணிலேயே 8-1 என்ற கணக்கில் தோற்கடித்தது.

முகாமும் பயிற்றுநரும்

அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்த அணி தன் வரலாற்றின் மிகப்பெரிய அதிர்ச்சியைச் சந்தித்திருந்தது. 1980 பிப்ரவரி 22ஆம் தேதி, லேக் பிளாசிட் ஒலிம்பிக்கில், பெரும்பாலும் கல்லூரி மாணவர்களைக் கொண்ட அமெரிக்க அணியிடம் சோவியத் அணி 3-4 என்று தோற்றது. அப்போது 21 வயதான ஃபெட்டிசோவ் வெள்ளிப் பதக்கத்துடன் நாடு திரும்பினார்.

1977 முதல் சி.எஸ்.கே.ஏ., தேசிய அணி ஆகிய இரண்டுக்கும் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் விக்டர் டிகோனோவ். லேக் பிளாசிட் தோல்விக்குப் பின்னர் அவரது கட்டுப்பாடுகள் மேலும் இறுகின. மாஸ்கோவுக்கு வெளியே அர்ஹாங்கெல்ஸ்கோயே என்ற இடத்தில் இருந்த பயிற்சி முகாமில், ஆண்டின் பத்து, பதினோரு மாதங்களைக் கழிக்க வேண்டியிருந்தது என்று வீரர்கள் பின்னாளில் கூறினர். மனைவி, குழந்தைகளைக் காண்பதற்குக்கூட அனுமதி தேவைப்பட்டது.

விளைவுகள் டிகோனோவின் பக்கமே இருந்தன என்பதையும் மறுக்க இயலாது. 1984 சரயேவோ, 1988 கால்கரி ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளிலும் சோவியத் அணி தங்கம் வென்றது. ஃபெட்டிசோவ் தம் விளையாட்டு வாழ்வில் ஏழு முறை உலகப் பட்டம் வென்ற அணியில் இடம்பெற்றார். உலகப் போட்டிகளின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரராக ஐந்து முறை தேர்வுபெற்றார். சோவியத் அணியின் தலைவராகவும் விளங்கினார்.

இந்த வெற்றிகளின் நடுவே, 1985ஆம் ஆண்டு ஃபெட்டிசோவ் ஓட்டிச் சென்ற கார் விபத்துக்குள்ளானதில், உடன் பயணித்த அவரது தம்பி அனடோலி உயிரிழந்தார். அனடோலியும் ஹாக்கி ஆட்டக்காரரே. விளையாட்டையே விட்டுவிட எண்ணும் அளவுக்கு அந்த இழப்பு ஃபெட்டிசோவைப் பாதித்தது.

நிறைவேறாத வாக்குறுதி

என்.எச்.எல் அணிகள், புதிதாக வரக்கூடிய வீரர்களின் மீதான உரிமையை ஆண்டுதோறும் தேர்வு முறையில் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. 1978ஆம் ஆண்டு மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணியும், 1983ஆம் ஆண்டு நியூ ஜெர்சி டெவில்ஸ் அணியும் ஃபெட்டிசோவைத் தேர்ந்தெடுத்தன. அவர் வருவார் என்று அப்போது எவரும் நம்பவில்லை. ஆயினும் ஒரு நாள் அந்த உரிமை பயன்படக்கூடும் என்பதே அவற்றின் கணக்கு.

மிகயில் கோர்பச்சேவின் சீர்திருத்தங்கள் அந்த நாளை அருகில் கொண்டுவந்தன. கால்கரி ஒலிம்பிக்கில் தங்கம் வென்றால் வெளிநாடு செல்ல அனுமதி கிடைக்கும் என்று ஃபெட்டிசோவுக்கு வாக்குறுதி அளிக்கப்பட்டிருந்தது. தங்கமும் கிடைத்தது, 1988இல் நாட்டின் மிக உயர்ந்த விருதான லெனின் விருதும் கிடைத்தது. அனுமதி மட்டும் கிடைக்கவில்லை.

1988ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், லாரியோனோவ் 'அகன்யோக்' வார இதழில் டிகோனோவுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். முகாம் வாழ்க்கையையும் பயிற்றுநரின் சர்வாதிகாரப் போக்கையும் அதில் அவர் கடுமையாகச் சாடினார். ராணுவ ஒழுங்குக்குக் கட்டுப்பட்ட ஒரு வீரர் தம் மேலதிகாரியை நாடறிய விமர்சிப்பது அதுவரை நினைத்துப் பார்க்க முடியாத ஒன்று.

1989இன் தொடக்கத்தில் ஃபெட்டிசோவ் ஒரு படி மேலே சென்றார். டிகோனோவின் அணியில் இனி விளையாடப் போவதில்லை என்று செய்தித்தாள் வாயிலாக அறிவித்தார். அதன் பின்னர் அவர் அணியிலிருந்து ஒதுக்கப்பட்டார், பயிற்சி செய்ய இடமும் மறுக்கப்பட்டது. நெடுங்கால நண்பரும் களத்தில் அவரது இணையுமான கஸட்டோனோவ் பயிற்றுநரின் பக்கம் நின்றார்.

பாதுகாப்பு அமைச்சர் திமித்ரி யாஸோவ் தம்மை நேரில் அழைத்துக் கடிந்துகொண்டதாகவும், சைபீரியாவுக்கு அனுப்பிவிடுவதாக மிரட்டியதாகவும் ஃபெட்டிசோவ் பின்னர் கூறியிருக்கிறார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அணிக்குத் திரும்ப அவர் மறுத்துவிட்டார்.

அந்த வசந்தத்தில் லாரியோனோவ், மகாரோவ், க்ருட்டோவ் ஆகிய மூவரும், ஃபெட்டிசோவ் இல்லையென்றால் தாங்களும் உலகப் போட்டிக்குச் செல்ல மாட்டோம் என்று தொலைக்காட்சியில் அறிவித்தனர். அதிகாரிகள் பணிந்தனர். ஸ்டாக்ஹோம் நகரில் நடந்த போட்டியில் ஃபெட்டிசோவும் விளையாடினார், சோவியத் அணி எல்லா ஆட்டங்களிலும் வென்று தங்கம் பெற்றது.

தப்பி ஓட மறுத்தவர்

அந்தப் போட்டி முடிந்த சில நாள்களிலேயே, அணியின் 20 வயது முன்கள ஆட்டக்காரர் அலெக்ஸாண்டர் மோகில்னி ஸ்டாக்ஹோமிலிருந்து ரகசியமாக அமெரிக்கா சென்று பஃபலோ சேபர்ஸ் அணியில் சேர்ந்தார். அவரும் ராணுவத்தில் பதவி வகித்தவர் என்பதால், படையைவிட்டு ஓடியவராகவே சோவியத் அதிகாரிகள் அவரைக் கருதினர்.

வெளிநாட்டுப் பயணங்களின்போது ஃபெட்டிசோவுக்கும் இதே வழி திறந்தே இருந்தது. அதை அவர் ஏற்கவில்லை. தப்பிச் சென்றவர் குற்றவாளியாகக் கருதப்படுவார், நாடு திரும்ப இயலாது, உள்நாட்டில் எஞ்சும் குடும்பத்தினர் அதன் விளைவுகளைச் சுமக்க வேண்டியிருக்கும். அதனினும் மேலாக, எவருக்கும் தெரியாமல் வெளியேறினால் பின்னால் வருபவர்களுக்குக் கதவு திறக்காது. வெளியேறும் உரிமை தமக்கு உண்டு என்பதை அரசே ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

பணம் குறித்தும் ஒரு தகராறு இருந்தது. வெளிநாடு செல்லும் வீரர்களின் ஒப்பந்தங்களை 'சோவின்டர்ஸ்போர்ட்' என்ற அரசு நிறுவனம் கையாண்டது. ஊதியத்தின் பெரும்பகுதியை அந்நிறுவனம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஃபெட்டிசோவ் ஏற்க மறுத்து, நியூ ஜெர்சி அணியுடன் தாமே நேரடியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்.

1989 மார்ச்சில் செர்கெய் ப்ரியாகின் என்ற சோவியத் வீரர் அதிகாரபூர்வ அனுமதியுடன் கால்கரி அணியில் சேர்ந்திருந்தார். ஆனால் அவர் முதல்வரிசை நட்சத்திரம் அல்லர். தேசிய அணியின் தலைவரே வெளியேறியபோதுதான் பழைய ஏற்பாடு உடைந்தது. அதே கோடையில் மகாரோவ் கால்கரிக்கும், லாரியோனோவும் க்ருட்டோவும் வான்கூவருக்கும் சென்றனர்.

நியூ ஜெர்சியில் வரவேற்பு

வெற்றியுடன் வந்தவருக்கு அமெரிக்காவில் எளிதான வாழ்க்கை காத்திருக்கவில்லை. பனிப்போரின் நிழல் இன்னும் விலகவில்லை. சோவியத் வீரர்கள் உள்ளூர் ஆட்டக்காரர்களின் இடங்களைப் பறிப்பதாகச் சிலர் முணுமுணுத்தனர்.

களமும் வேறாக இருந்தது. ஐரோப்பியக் களத்தின் அகலம் 30 மீட்டர், வட அமெரிக்கக் களத்தின் அகலம் 26 மீட்டர். வட்டைக் கடத்தி விளையாடப் பழகியவர்களுக்கு அந்த நான்கு மீட்டர் பெரிய இழப்பு. பத்து ஆண்டுகள் ஒரே குழுவில் விளையாடியவர், தம் எண்ணத்தைப் புரிந்துகொள்ளும் இணைகள் இல்லாத அணியில் தனித்து நின்றார். முதல் ஆண்டில் 72 ஆட்டங்களில் 8 கோல்கள் அடித்து, 34 கோல்களுக்கு உதவினார். 31 வயதில் புதிய நாட்டுக்கு வந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கு இது மோசமான கணக்கு அல்ல. ஆனால் அவரிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டது இதைவிட அதிகம்.

அந்தப் பருவத்தின் நடுவில் கஸட்டோனோவும் நியூ ஜெர்சி அணிக்கு வந்துசேர்ந்தார். உலகின் மிகச்சிறந்த தற்காப்பு இணை என்று ஒரு காலத்தில் போற்றப்பட்ட இருவரும், ஒரே அணியில் இருந்தும் களத்துக்கு வெளியே பேச்சுவார்த்தை இல்லாமலே காலம் கழித்தனர்.

டெட்ராய்ட்டின் ரஷ்ய ஐவர்

1995 ஏப்ரலில், 37 வயதை நெருங்கிய ஃபெட்டிசோவை நியூ ஜெர்சி அணி டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு விட்டுக்கொடுத்தது. அவரது விளையாட்டு வாழ்வு முடிவை நெருங்கிவிட்டதாகவே பலரும் எண்ணினர்.

டெட்ராய்ட்டின் பயிற்றுநர் ஸ்காட்டி போமன் வேறுவிதமாக எண்ணினார். அவரிடம் ஏற்கெனவே செர்கெய் ஃபெடரோவ், வியாசெஸ்லாவ் கோஸ்லோவ், விளாடிமிர் கொன்ஸ்டன்டினோவ் ஆகிய மூன்று ரஷ்யர்கள் இருந்தனர். 1995 அக்டோபரில் லாரியோனோவையும் அணிக்குக் கொண்டுவந்தார். அம்மாதம் 27ஆம் தேதி, கால்கரிக்கு எதிரான ஆட்டத்தில், ஐந்து ரஷ்யர்களையும் முதன்முறையாக ஒரே குழுவாகக் களமிறக்கினார்.

பச்சைக் குழுவின் ஆட்டமுறை என்.எச்.எல் களத்தில் மீண்டும் உயிர்பெற்றது. ஐவரும் ராணுவக் கழகத்தில் வளர்ந்தவர்கள் அல்லது அதன் முறையை அறிந்தவர்கள் என்பதால், ஒருவர் எங்கே நகர்வார் என்பது மற்றவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பருவத்தில் டெட்ராய்ட் அணி 62 ஆட்டங்களில் வென்று அப்போதைய சாதனையைப் படைத்தது. எனினும் இறுதிக்கு முந்தைய சுற்றில் கொலராடோ அணியிடம் தோற்று வெளியேறியது.

1997 ஜூன் 7ஆம் தேதி, டெட்ராய்ட் அணி பிலடெல்பியாவைத் தோற்கடித்து, 42 ஆண்டுகளுக்குப் பின்னர் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அணித்தலைவர் ஸ்டீவ் ஐசர்மேன் கோப்பையை முதலில் ஃபெட்டிசோவின் கையில் கொடுத்தார். அவரும் லாரியோனோவும் அதைச் சேர்ந்து ஏந்தியபடி களத்தை வலம் வந்தனர்.

வெற்றியை அடுத்து வந்த விபத்து

ஆறு நாள்கள் கழித்து, ஜூன் 13ஆம் தேதி, அணியினரின் கொண்டாட்டம் ஒன்றிலிருந்து ஃபெட்டிசோவ், கொன்ஸ்டன்டினோவ், அணியின் உடற்பிடிப்பாளர் செர்கெய் ம்னாட்சகானோவ் ஆகியோர் திரும்பிக்கொண்டிருந்த வாடகைக் கார், டெட்ராய்ட்டின் புறநகரில் சாலையோர மரத்தில் மோதியது. ஓட்டுநரின் உரிமம் ஏற்கெனவே நிறுத்திவைக்கப்பட்டிருந்தது பின்னர் தெரியவந்தது.

கொன்ஸ்டன்டினோவும் ம்னாட்சகானோவும் மூளையில் பலத்த காயமடைந்து, வாழ்நாள் முழுவதற்கும் பாதிக்கப்பட்டனர். ஃபெட்டிசோவ் காயங்களுடன் உயிர்தப்பினார். பன்னிரண்டு ஆண்டுகளில் இரண்டாவது முறையாக, தாம் பிழைத்த விபத்தில் தமக்கு நெருக்கமானவர்கள் வீழ்ந்ததை அவர் காண நேர்ந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் ஃபெட்டிசோவ், லாரியோனோவ், கோஸ்லோவ் ஆகியோர் ஸ்டான்லி கோப்பையை மாஸ்கோவுக்குக் கொண்டுசென்றனர். அந்தக் கோப்பை ரஷ்ய மண்ணுக்கு வந்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு ஜூனில் வாஷிங்டனில் டெட்ராய்ட் மீண்டும் வென்றபோது, சக்கர நாற்காலியில் களத்துக்குக் கொண்டுவரப்பட்ட கொன்ஸ்டன்டினோவின் மடியில் கோப்பை வைக்கப்பட்டது. அதன் பின்னர், 40ஆவது வயதில், ஃபெட்டிசோவ் ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்றார். என்.எச்.எல் வழக்கமான பருவங்களில் அவர் 546 ஆட்டங்களில் 36 கோல்கள் அடித்து, 192 கோல்களுக்கு உதவியிருந்தார்.

மீண்டும் மாஸ்கோ

ஓய்வுக்குப் பின்னர் நியூ ஜெர்சி அணியின் துணைப் பயிற்றுநராகி, 2000ஆம் ஆண்டு அந்த அணி ஸ்டான்லி கோப்பையை வென்றபோது அதில் பங்குபெற்றார். 2001இல் டொரோன்டோவில் உள்ள ஹாக்கிப் புகழ் மண்டபத்தில் அவரது பெயர் சேர்க்கப்பட்டது. 2002 சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் அவரது பயிற்சியில் ரஷ்ய அணி வெண்கலம் பெற்றது.

அதே ஆண்டு அதிபர் விளாடிமிர் புட்டின் அவரை நாட்டின் விளையாட்டுத் துறைக்குத் தலைவராக நியமித்தார். 2008 வரை அப்பொறுப்பில் இருந்த ஃபெட்டிசோவ், பின்னர் நாடாளுமன்ற மேலவையிலும், 2016 முதல் கீழவையான டூமாவில் ஆளும் ஐக்கிய ரஷ்யா கட்சியின் சார்பிலும் உறுப்பினரானார். ஒரு காலத்தில் தம்மை வெளியே விட மறுத்த சி.எஸ்.கே.ஏ. கழகத்துக்கே தலைவராகவும் இருந்தார். 2009 டிசம்பரில், 51ஆவது வயதில், அக்கழகத்துக்காக ஒரேயோர் ஆட்டத்தில் களமிறங்கவும் செய்தார்.

2022இல் உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பை ஒட்டி, டூமா உறுப்பினர்கள் மீது மேற்குலக நாடுகள் விதித்த தடைகளில் ஃபெட்டிசோவின் பெயரும் இடம்பெற்றது. அவர் பாடுபட்டுத் திறந்த கதவு, இப்போது மறுபுறத்திலிருந்து அவருக்கு மூடப்பட்டது.

எஞ்சும் கேள்வி

அவர் திறந்துவைத்த வழியில் நூற்றுக்கணக்கான ரஷ்ய வீரர்கள் வட அமெரிக்கா சென்றுள்ளனர். 2025 ஏப்ரலில் அலெக்ஸாண்டர் ஒவெச்கின் தமது 895ஆவது கோலை அடித்து, வெய்ன் கிரெட்ஸ்கியின் நெடுங்காலச் சாதனையை முறியடித்தார். ரஷ்யர் ஒருவர் என்.எச்.எல்லில் இருபது ஆண்டுகள் விளையாடியதும், கோடையில் தாயகம் சென்று திரும்பியதும் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. அந்த வியப்பின்மையே 1989இன் வெற்றி.

ஆனால் அந்த வெற்றி முழுமையானதா என்ற ஐயத்தை மற்றொரு நிகழ்வு எழுப்பியது. 2022 ஜூலையில், பிலடெல்பியா அணியுடன் ஒப்பந்தம் செய்திருந்த கோல் காப்பாளர் இவான் ஃபெடோடோவ், ராணுவ சேவையைத் தவிர்த்தார் என்ற குற்றச்சாட்டின் பேரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் தடுத்து வைக்கப்பட்டு, வடக்கே ஒரு படைத்தளத்துக்கு அனுப்பப்பட்டார். அவர் அதற்கு முன்னர் விளையாடிய கழகம் சி.எஸ்.கே.ஏ. 2024ஆம் ஆண்டு வசந்தத்தில்தான் அவரால் அமெரிக்கா செல்ல முடிந்தது.

ஃபெட்டிசோவைப் பொறுத்தவரை, நாட்டைவிட்டுச் செல்லும் உரிமையையும் நாட்டுக்குத் திரும்பும் உரிமையையும் அவர் ஒருபோதும் பிரித்துப் பார்த்ததில்லை. 1989இல் அவர் தப்பி ஓட மறுத்ததற்கும், 2002இல் அரசுப் பதவியை ஏற்றதற்கும் அடியில் இருப்பது அந்த ஒரே பிடிப்பு என்று வாதிட இடமுண்டு. தனியொரு மனிதரின் உறுதியால் அரசு ஒருமுறை வழிவிட்டது. அந்த வழி சட்டத்தால் உறுதி செய்யப்பட்ட உரிமையா, அல்லது அரசின் மனநிலையைப் பொறுத்து மீண்டும் மூடக்கூடிய சலுகையா என்பதே அவரது வாழ்வு விட்டுச்செல்லும் கேள்வி.